குலசாமி பாஸ்வேர்டும் நம்பாதசாமியும்

தேனி மாவட்டத்தில் பெற்ற தாயிடமே அடையாளம் கேட்டு, அது சரிதானா என்று பார்த்து, அதன் பிறகே "சாப்பிட்டியாம்மா?" என்று விசாரித்த ஒரே மனிதர் நம்பாதசாமிதான். அவருடைய அம்மா ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனிலிருந்து கூப்பிட்டார். தெரியாத எண். நம்பாதசாமி எடுத்து, குரலைக் கேட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மா மாதிரிதான் பேசுறீக. ஆனா அம்மாதாண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆறாவது படிக்கைல நான் எதுக்கு அடி வாங்குனேன், சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா சொன்ன பதில் எங்கள் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "ஆறாவதுல வாங்குன அடி பத்தலடா ஒனக்கு. இரு, பஸ் ஏறி வந்து மிச்சத்தையும் தாரேன்!"

நம்பாதசாமி நிம்மதியாகத் தலையாட்டினார். "சரிதான், அம்மாதான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே சாப்பாடு விசாரித்தார்.

நம்பாதசாமி என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. அந்தப் பெயரை வைத்தவன் நான். நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை. என் தங்கையின் கல்யாணத்தை இந்த ஆள் கெடுத்துவிடுவார் என்று நான் மனதுக்குள் கருவிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதினோம். டாக்டர்களுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும்தான் எங்கள் வேலை. வருகிறவரின் பெயர், ஊர், என்ன நோய், என்ன மாத்திரை, அடுத்து எப்போது வர வேண்டும், எல்லாம் அதில் ஏறும். கம்பத்திலிருந்து கடமலைக்குண்டு வரை பத்திருபது டாக்டர்கள் எங்கள் சாப்ட்வேரைத்தான் வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யாருக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் எங்கள் சர்வரில் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு நிமிடம்கூட யோசித்தது கிடையாது. நான் அங்கே எல்லோரிலும் மூத்தவன். அப்படியென்றால் குறுக்கு வழி எல்லாம் அத்துப்படி என்று அர்த்தம்.

எங்கள் முதலாளி பக்திமான். கம்பெனி தொடங்கிய அன்று முதல் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டி, பாஸ்வேர்டாகத் தன் குலசாமியின் பெயரை வைத்தார். பின்னால் ஒரு 108. அதற்குப் பிறகு எது வாங்கினாலும் அதே சாமி, அதே 108. சர்வருக்கு, டேட்டாபேசுக்கு, மின்னஞ்சலுக்கு, வாசல் கேமராவுக்கு, எல்லாவற்றுக்கும். குலசாமி காவல் இருக்கையில் எவன் உள்ளே வந்துவிடுவான் என்பது அவர் கட்சி. எந்தச் சாமி என்று இங்கே எழுத மாட்டேன். இன்னும் எத்தனை கடைகளில் அதே சாமி காவலுக்கு நிற்கிறதோ, யார் கண்டது.

நம்பாதசாமி ஆண்டிபட்டிக்காரர். பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக ஊருக்கு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் துடைத்துக்கொண்டே இருக்கும் ஒரு கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்த அன்று காலை முழுதும் வாய் திறக்காமல் நான் எழுதிய புரோகிராம் கோடைப் படித்தார். பிறகு கூப்பிட்டார்.

"அண்ணே, இங்கன வாங்க. நாப்பத்தி ரெண்டாவது வரியில இது என்னா?"

"பாஸ்வேர்டு."

"அது தெரியுதுண்ணே. பட்டவர்த்தனமா இங்கன எதுக்கு இருக்கு?"

"புரோகிராம் டேட்டாபேசுக்குள்ள போக வேணாமா? அதுக்குத்தான்."

"இந்தக் கோடு யார் யார்ட்ட இருக்கு?"

விரல் விட்டு எண்ணினேன். எங்கள் எட்டுப் பேரிடமும் இருந்தது. வேலையை விட்டுக் கோயம்புத்தூர், சென்னை என்று போன ஆறு பேரிடமும் இருந்தது. துபாய்க்குப் போய் இன்சூரன்ஸ் விற்கும் ஒருவரிடமும் இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"முதலாளி, பொண்ணு பாக்க வந்தா மொதக் கேள்வி என்னா கேப்பாக?"

முதலாளி குழம்பிப் போனார். "குலசாமி எதுண்டு கேப்பாக."

"எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சாமியா இருந்தா அண்ணன் தங்கச்சி முறையாயிரும். சம்பந்தம் பண்ண முடியாதுல்ல."

"அப்ப ஒங்க வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த அம்புட்டுப் பேருக்கும், கல்யாணத் தரகருக்கும், ஒங்க பங்காளிக அத்தன பேருக்கும் நம்ம டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தெரியும்."

முதலாளி மெதுவாக, "நூத்தியெட்டு தெரியாதுல்ல?" என்றார்.

"அத மூணாவது தடவ போட்ருவாக முதலாளி."

சாமி பெயரை எடுத்தால் குற்றமாகிவிடுமோ என்று முதலாளிக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலுக்கே போய், பூக்கட்டி உத்தரவு கேட்டுவிட்டு வந்தார். வெள்ளைப் பூ வந்ததாம், சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை நம்பாதசாமி வேலையைத் தொடங்கினார்.

அதிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது. பாஸ்வேர்டுகளை எல்லாம் கோடிலிருந்து பிடுங்கி, அதற்கென்றே இருக்கும் ஒரு பெட்டகத்துக்குள் போட்டுப் பூட்டினார். புரோகிராமுக்குத் தேவை என்றால் அது பெட்டகத்திடம் போய், தான் யார் என்று நிரூபித்து, ஒரு பாஸ்வேர்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். முதலாளிக்கு இது பிடிபடவே இல்லை.

"இப்ப பாஸ்வேர்டு யாருக்குத்தான்யா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது முதலாளி. எனக்கும் தெரியாது."

"எவனுக்குமே தெரியாட்டி கம்பெனி எப்பிடி ஓடும்?"

"தெரியாததுனாலதான் முதலாளி இனிமே ஓடும்."

அவசரத்துக்கு என்று ஒரே ஒரு சாவி மட்டும் அவரிடம் இருந்தது. அதை எடுத்துத் திறந்தால் எல்லா டாக்டர்களின் எல்லா நோயாளிகளையும் பார்க்கலாம். கட்டைவிரல் அளவில் இருக்கும் அந்தச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டிருந்தார். மற்றவர்கள் முருகன் டாலர் போடுகிற இடத்தில் இவர் அதைப் போட்டிருக்கிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். அவர் சிரித்ததில்லை. கேலி அவருக்குக் கேட்டதா என்பதே சந்தேகம்.

அடுத்த குற்றமும் என்னுடையதுதான். டாக்டரின் கிளினிக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் எங்கள் சர்வரோடு பேசுகையில், எதிரில் இருப்பது நிஜமாகவே எங்கள் சர்வர்தானா என்று சான்றிதழைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து, கம்பத்து டாக்டர் போனில் சத்தம் போட, நான் ஒரே வரியில் அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் பேசு, எவன் என்று பார்க்காதே, என்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்ததாக அர்த்தம். பிரச்சினை தீர்ந்தது, டாக்டரும் அமைதியானார், எனக்கும் பாராட்டுக் கிடைத்தது.

இரண்டு வருடமாக அப்படியே கிடந்த அந்த வரியை நம்பாதசாமி கண்டுபிடித்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்து, மறுபடி கழற்றினார். "அண்ணே, ஒங்க வீட்டுல பொம்பளைக போன்ல எவன் கூப்பிட்டாலும், யாருண்டு கேக்காம வீட்டு விசயம் பூராம் சொல்லுவாகளா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்து அவருக்கு அந்தப் பெயரை வைத்தேன். சாயங்காலத்துக்குள் கீழே உரக்கடை வரை பெயர் பரவிவிட்டது. டீ கொண்டுவருகிற அக்காகூட, "நம்பாதசாமிக்குச் சீனி கம்மிதானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு முகூர்த்த நாளில் முதலாளி சின்னமனூர்க் கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். பந்தியில் பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு சாப்ட்வேரைக் காட்ட வேண்டும், செல்போனில் உள்ளே நுழைய ஒரு எண் கேட்கிறது, அதைச் சொல்லு என்றார்.

"போன்ல சொல்ல மாட்டேன் முதலாளி."

"யோவ், நான்தான்யா முதலாளி பேசுறேன்!"

"குரல் அப்பிடித்தான் இருக்கு."

"இங்கன டாக்டரு பாயசம் குடிச்சிட்டு எந்திரிக்கப் போறாருய்யா!"

"நேர்ல வாங்க முதலாளி. இல்லாட்டி ஒங்க வீட்டுக்காரம்மாட்டப் போனக் குடுங்க. அவக ஒங்கள அதட்டுனாகண்டா நீங்கதாண்டு நம்புறேன்."

முதலாளி அரை மணி நேரம் காரில் வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முன்னால் நின்றார். நம்பாதசாமி எழுந்து நின்று மரியாதையாக எண்ணைச் சொன்னார். அதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா இறந்த வருடத்தில் என் தங்கை கயல்விழி தூங்குவதை நிறுத்திவிட்டாள். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் நின்றபடியே அழ ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். தேனியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கும். பின்னால் ஒரு சந்து. மாதம் ஒரு முறை, ஒரு வருடம், நாங்கள் இருவரும் சந்து வழியாகப் போய்ச் சந்து வழியாகத் திரும்பினோம். அவள் தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டிருப்பாள். தெரிந்த முகம் எதுவும் வருகிறதா என்று நான் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கைகாட்டுவேன். அவளுக்குச் சரியாகிவிட்டது. மாத்திரையும் நின்றது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு ஆண்டிபட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. வந்து பார்த்தார்கள். பெண்ணுக்கும் பிடித்தது, பையனுக்கும் பிடித்தது. குலசாமியும் வேறு வேறு. அம்மா மண்டபம் பார்க்கக் கிளம்புகிற நேரத்தில் அத்தை வந்து குண்டைப் போட்டார்.

"ஏலே, அந்த மாப்ளப் பையன நான் தேனியில பாத்தேன்டா. அந்த மனநல டாக்டரு ஆஸ்பத்திரி வாசல்ல. கையில சீட்டு வச்சுக்கிட்டு நிக்கிறான். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

அம்மா என்னைப் பார்த்தார். "அப்பா இல்லாத பிள்ள. நீதான்டா விசாரிக்கணும்" என்றார்.

எங்கள் பக்கம் விசாரிப்பது என்றால் அது ஒரு தனி உத்தியோகம். மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய் டீ குடிக்க வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும், எதிர் வீட்டுக்காரரிடம் ஆட்டுக்குட்டி விலை கேட்க வேண்டும். எனக்கு அந்த அலைச்சலே தேவையில்லை என்று நினைத்தேன். அந்த டாக்டரின் சாப்ட்வேரை எழுதியவனே நான். பெயரைத் தட்டினால் எல்லாம் வந்துவிடப் போகிறது. என் தங்கையின் பெயரும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதை நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. உறைத்தது. ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். நம்பாதசாமி வந்த பிறகு, எழுதுகிற எங்களுக்கே நோயாளிகளின் பெயர் தெரியாது. சோதித்துப் பார்க்கப் பொய்ப் பெயர்களைத்தான் கொடுத்திருந்தார். எங்காவது ஒரு மூலையில் பழைய பூட்டு மிச்சமிருக்கும் என்று குலசாமி பெயரையும் 108-ஐயும் போட்டேன். திறக்கவில்லை. 1008 போட்டேன். 1 மட்டும் போட்டேன். சாமி மனம் இரங்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் நம்பாதசாமி மாடிப்படியில் ஓடி வந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே ஒட்டியிருந்தது.

"அண்ணே, ஒங்க மிஷின்ல இருந்து மூணு தடவ பழைய பாஸ்வேர்டு போட்ருக்காய்ங்க. செல்லுல தகவல் வந்துச்சு. எவனோ ஒங்க மிஷின்ல பூந்துட்டான். வயர உருவுங்க மொதல்ல!"

"எவனும் பூரல தம்பி. நான்தான்."

அவர் நின்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சந்து வழியாகத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனதை மட்டும் சொல்லவில்லை.

"ஒங்க கழுத்துல கெடக்கு சாவி. ஒரே ஒரு பேரு. ஆமா இல்லையாண்டு மட்டும் சொல்லுங்க தம்பி. என்ன நோயிண்டுகூட வேணாம்."

"மாட்டேண்ணே."

"கூடப் பொறந்தவ வாழ்க்கை தம்பி."

"தெரியுதுண்ணே."

"தெரிஞ்சா காட்டுங்க!"

"அந்த டாக்டரு ரூமுல ஒரு ஆளு கதவச் சாத்திட்டு உள்ள பேசியிருக்காருண்டு வைங்க. அந்தக் கதவ நம்மள நம்பி விட்டுட்டுப் போயிருக்காக. நான் எப்பிடித் திறக்க?" அவர் குரல் ஏறவே இல்லை. "மாப்ளட்டயே நேராக் கேளுங்கண்ணே."

"கேட்டா சொல்லுவானாக்கும்?"

"சொல்ற ஆளா இல்லையாண்டுதான ஒங்களுக்குத் தெரியணும்?"

பதில் இல்லாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். கத்தினேன். "நாளைக்கு மாப்ள வீட்டுக்காரய்ங்க வந்து எங்க வீட்டுப் பொண்ணப் பத்திக் கேட்டா காட்டிருவீகளோ?" என்றேன்.

"காட்ட மாட்டேண்ணே" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"ஒங்களுக்கு மனசுண்டு ஒண்ணு இருக்கா? எங்க குடும்பத்துக்காக ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட மாட்டீக, அப்பிடித்தான?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு எழுந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிடப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கயல்விழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். அத்தை பார்த்ததை, நான் திறக்கப் பார்த்ததை, அந்த ஆள் மறுத்ததை. எனக்காக அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அங்கன எம் பேரும் இருக்குல்ல?"

"இருக்கு."

"நீ அவகளத் திறந்து பாத்துட்டா, நாளைக்கு எவனாச்சும் திறந்து என்னயப் பாப்பான். அப்பறம் ஒரு வருசம் அந்தச் சந்துக்குள்ள நாம ஒளிஞ்சு ஒளிஞ்சு போனது எதுக்குண்ணே?"

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அமைதியாகக் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை அவளே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் சந்திப்பது என்று முடிவானது. நான் இரண்டு மேஜை தள்ளி ஒரு முட்டை பப்ஸை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் கணக்குச் சொல்லித் தருவது போல, விட்டுவிடாமல் முழுக்கச் சொன்னாள். மாப்பிள்ளை குனிந்தபடியே கேட்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பப்ஸ் அப்படியே ஆறிப்போனது.

அவர் எழுந்து போகவில்லை. பேச ஆரம்பித்தார். நடுவில் ஒரு தடவை கர்ச்சீப்பை எடுத்தார். பிறகு, எதிர்பார்க்காத ஒரு நேரத்தில், இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில் கயல்விழி சொன்னாள். கிணற்றில் விழுந்து தம்பி இறந்த பிறகு அவர் ஒரு வருடமாக அந்த டாக்டரிடம் போகிறாராம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாராம். "அதுல சிரிக்கிறதுக்கு என்னாத்தா இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைண்ணே. நான் அப்பப் போட்டது முழுசு, அவகளுக்குப் பாதிதானாம். அப்ப நீங்கதான் பெரிய ஆளாண்டு கேட்டாக" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

கல்யாணம் ஆண்டிபட்டியில் நடந்தது. பந்தியில் என் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். போடியில் ஏலக்காய் வியாபாரம். எங்கள் முதலாளிக்குப் பங்காளி முறை. ரசம் ஊற்றுகிற நேரத்தில் என் தோளில் தட்டினார்.

"மாப்ள, ஒங்க ஆபீசுல ஒல்லியா ஒரு கிறுக்கன் இருக்கானே, அவன் என்னயப் பத்தி ஒங்ககிட்டச் சொன்னானா?"

"இல்லையே. என்னா விசயம்?"

"கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே, சொல்லிர்றேன். ஒங்க தங்கச்சிய அந்த ஆஸ்பத்திரிச் சந்துக்குள்ள பாத்ததா ஒரு ஆளு எங்ககிட்டச் சொன்னான். நம்ம பங்காளி கம்பெனிதானண்டு, மொதல்ல எஞ் செல்போன்லயே சாமி பேரப் போட்டுப் பாத்தேன். சாமி கும்பிடுல ஒங்க முதலாளிதான் பெருமையாச் சொன்னாக, எங்க கம்ப்யூட்டர் பூராம் நம்ம சாமி பேருக்குத்தான் திறக்கும்டு. திறக்கல. நேர்ல வந்துட்டேன். நீங்க அன்னைக்குக் கம்பத்துக்குப் போயிருந்தீக, மத்தவகளும் சாப்பிடப் போயிருந்தாக."

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். "அப்பறம்?"

"ஒங்க முதலாளி அவனக் கூப்பிட்டு, காட்டுப்பாண்டாக. எழுத்துல குடுங்க, ஒரு நகல் டாக்டருக்கு, ஒரு நகல் அந்தப் பொண்ணுக்கு, ரெண்டு பேரும் சம்மதிச்சா காட்டுறேன்டான். அப்பிடீண்டா வேலைய விட்டுப் போடாண்டு கத்துனாக. அவன் சரிங்க முதலாளிண்டு பைய மாட்டிட்டு எறங்கிட்டான். அப்பறம் முதலாளியே ரோடு வரைக்கும் ஓடிப் போயிக் கூட்டியாந்தாக. எனக்குக் காபி வாங்கிக் குடுத்து அனுப்பிச்சான் அந்தப் பய."

"அது என்னைக்கு மாமா?"

அவர் யோசித்தார். "பொண்ணு பாத்துட்டு வந்த மறு வாரம். செவ்வாக் கெழம."

நான் அவரிடம் கத்தியது அதே வாரம் வியாழக்கிழமை. என் தங்கையின் பெயருக்காக வேலையை உதறிவிட்டுப் படியிறங்கிய மனிதரிடம், இரண்டே நாள் கழித்து, எங்கள் குடும்பத்துக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

நம்பாதசாமி மண்டப வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"தம்பி, மாப்ளயோட மாமா வந்து கேட்டத ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் அம்புட்டுப் பேசுனேனே. அப்பக்கூடச் சொல்லலாம்ல?"

"அவக கேட்டதும் ஒரு தகவல்தானண்ணே" என்றார். "அத ஒங்ககிட்டச் சொன்னா அப்பறம் நான் என்னா பூட்டி வச்சேன்?"

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். "ரெண்டு பக்கமும் வந்து கேட்டோம். சாவி ஒங்க கழுத்துல இருந்துச்சு. நீங்க ஒருக்காக்கூட எடுத்துப் பாக்கலையா? எங்க தங்கச்சி பேர?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "எதுக்குண்ணே பாக்கணும்?" என்றார்.

அடுத்த வருடம் அவருக்குக் கொச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வீடு பார்த்த பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கடைசி நாள் மத்தியானம் சங்கிலியைக் கழற்றி, சாவியை உருவி என் மேஜையில் வைத்தார். இனி நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். திருட்டுத்தனமாகத் திறக்கப் பார்த்தவனிடம் போய் ஏன் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "ஒங்களுக்குத்தானண்ணே அது எம்புட்டுக் கனம்டு தெரியும்" என்றார்.

பிறகு அவருடைய பெயரை அமைப்பிலிருந்து நான் நீக்க வேண்டும், அவர் பார்க்க வேண்டும் என்றார். நீக்கவா என்று திரை கேட்டது. என் விரல் போகவில்லை. "அமுக்குங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார். அமுக்கினேன். தன் மேஜைக்குப் போய் உள்ளே நுழைய முயன்று பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. வேறு வழியாக முயன்றார். அனுமதி இல்லை. ஐந்து வழியிலும் போய்ப் பார்த்து, ஐந்திலும் தனக்கு இடமில்லை என்று உறுதியான பிறகு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

குமுளி பஸ் ஏற்றிவிட நானும் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தங்கை எப்படியிருக்கிறாள் என்று கேட்டார். ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னேன். சந்தோஷம் என்றார். பஸ் கிளம்பியது. நன்றி என்ற ஒரு சொல்லை நான் கடைசி வரை அவரிடம் சொல்லவே இல்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகு, பட்டப்பகலில், தெரிந்தவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தேனி பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது.